எட்டடி டிஷ்ஷை எங்கே நிறுத்துவது?

வீட்டில் பெரிய டிஷ் வைக்க ஆசைப்படுபவர் முதலில் கேட்பது, "எத்தனை அடி வாங்கலாம்?" என்று. அடுத்தது, "எந்த மோட்டார் தாங்கும்?" என்று. டிஷ்ஷை எதன்மேல் நிறுத்துவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது; பெரும்பாலும் அது வெல்டரின் பொறுப்பாகவே போய்விடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் இடம், பிறகு கம்பம், அதன்பின் மோட்டார், கடைசியில்தான் டிஷ்ஷின் அளவு.

காரணம் காற்று. எட்டடி டிஷ்ஷின் முகப்பரப்பு ஏறத்தாழ நாலரை சதுர மீட்டர். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று டிஷ்ஷின் முகத்தில் நேராக மோதினால் தள்ளும் விசை ஏறக்குறைய ஒரு டன். மதுரைக்கும் கோவைக்கும் அதே தரநிலை தரும் வேகம் 39 மீட்டர்; அங்கே விசை 600 கிலோவை நெருங்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால், சாதாரண நாட்களில் ஆடாமல் நிற்கிறது என்பது எதற்கும் சான்றாகாது. 2011 டிசம்பர் 30-ல் கடலூரில் அடித்த தானே, 2016 டிசம்பர் 12-ல் சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பகுதியில் கரையேறிய கஜா என்று நம் கரையோரம் ஒரு பத்தாண்டுக்குள் கண்ட புயல்களே இதைச் சோதித்துக் காட்டப் போதுமானவை.

இவ்வளவு பெரிய தட்டு இன்று யாருக்கு வேண்டும் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. கேபிள் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். தமிழின் பெரிய பொழுதுபோக்குச் சேனல்கள் பூட்டப்பட்டே வானிலிருந்து இறங்குகின்றன. டி.டி. ஃப்ரீ டிஷ் போதும் என்றால் இரண்டடித் தட்டு போதும். பெரிய டிஷ் தேவைப்படுவது சி-பேண்ட் அலைவரிசையை நேரடியாகப் பிடிக்க நினைப்பவர்களுக்கு: பூட்டில்லாத செய்திச் சேனல்கள், ஆன்மிகச் சேனல்கள், தூர்தர்ஷனின் மாநில அலைவரிசைகள், அண்டை நாட்டு ஒளிபரப்புகள், நிகழ்விடத்திலிருந்து ஸ்டூடியோவுக்குப் போகும் நேரடிப் படங்கள். அதோடு, வானத்தைத் தன் கையால் துழாவிப் பார்க்கும் ஆசை. அந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் வரலாற்றில் அது தொடக்கம் முதலே இருக்கிறது.

புவியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள்களை ஒலிபரப்புக்குப் பயன்படுத்தலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதியது 1945-ல். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு இந்தியா நடத்திய சைட் பரிசோதனையில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 கோளிலிருந்து 2,400 கிராமங்கள் நேரடியாகப் படம் பார்த்தன. அவற்றின் டிஷ்கள் மூன்று மீட்டர் அகலத்தில் கோழிவலைக் கம்பியால் செய்யப்பட்டவை. கொழும்பில் குடியிருந்த கிளார்க்கின் வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் வந்து ஒரு நிலையம் அமைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர் மாடிகளில் பெரிய தட்டுகள் முளைத்தது 1991-க்குப் பிறகு, ஏசியாசாட்-1 வழியாக ஸ்டார் சேனல்கள் வந்தபோது. அந்தக் கோளே ஒரு விசித்திரம். வெஸ்டார்-6 என்ற பெயரில் ஏவப்பட்டு வழிதவறி, 1984 நவம்பரில் டிஸ்கவரி ஓடத்தின் வீரர்களால் கையால் பிடித்து மீட்கப்பட்டு, பழுது நீங்கி 1990 ஏப்ரலில் மறுபடி வானேறியது. அதைப் பார்த்துக் கேபிள்காரர்கள் நிறுத்திய 8, 10, 12 அடித் தட்டுகளில் பல இன்று வேலையற்றுக் கிடக்கின்றன. வீட்டுக்கு டிஷ் தேடுபவருக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அவைதான்.

இனி இடம். செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரிசையாக நிற்கின்றன. லண்டனில் நின்று பார்த்தால் அந்த வரிசையின் மிக உயர்ந்த புள்ளிகூட அடிவானத்திலிருந்து 31 டிகிரியில்தான் இருக்கும். சென்னையில் அது ஏறத்தாழ 75 டிகிரி, நாகர்கோவிலில் 80. நம் வானில் முக்கியமான கோள்களைக் கிழக்குத் தீர்க்கரேகைப்படி சொன்னால், 66-ல் இன்டெல்சாட்-17, 68.5-ல் இன்டெல்சாட்-20, 83-ல் ஜிசாட்-30, 93.5-ல் ஜிசாட்-17, 105.5-ல் ஏசியாசாட்-7. இவற்றில் மிகத் தாழ்வானது கடைசியில் சொன்னது. சென்னையிலிருந்து அதுவே 57 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் ஆறு மீட்டர் உயரமுள்ள வீட்டுச் சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, தரையில் நின்றாலே டிஷ்ஷுக்கு இந்த வரிசை முழுவதும் தெரியும்.

இந்த உண்மையை நம் ஊரில் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. டிஷ் என்றால் மொட்டை மாடி என்று முடிவாகிவிட்டது. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கலாம். 1982-ல் ரூபவாகினி தொடங்கியபின் கரையோர ஊர்களில் இலங்கை ஒளிபரப்பைப் பிடிக்க உயரமான கம்பங்கள் எழுந்தன. தரைவழி ஒளிபரப்புக்கு உயரம்தான் எல்லாம். செயற்கைக்கோளுக்கு உயரத்தால் ஒரு பயனும் இல்லை. 36,000 கிலோமீட்டரில் பத்து மீட்டரைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? மாறாக, உயரம் காற்றைக் கூட்டுகிறது, பழுது பார்க்க ஏறுவதை ஆபத்தாக்குகிறது, விழுந்தால் அடுத்தவர் தலையில் விழ வைக்கிறது. கொல்லையிலோ முற்றத்திலோ இடம் இருப்பவர் தரையில்தான் நிறுத்த வேண்டும். தென்னை மட்டுமே இதற்கு நியாயமான எதிரி. நனைந்த மட்டை சிக்னலை விழுங்கும். காய் விழுந்தால் தட்டு நசுங்கும். மரத்துக்குத் தெற்கே தள்ளி நிறுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனென்றால் கோள்கள் எல்லாம் நமக்குத் தெற்கு வானில்தான் இருக்கின்றன.

தரையில் நிறுத்துவதற்கான குழி எவ்வளவு? எட்டடி டிஷ், ஒரு டன் விசை, தரைக்கு மேல் கம்பம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீள அகல ஆழம் மூன்றும் 1.2 மீட்டர் கொண்ட கான்கிரீட் கட்டி தன் எடையாலேயே கவிழாமல் நிற்கும். அது நான்கு டன்னுக்கும் மேல். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு கூடுதல் காப்பு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மண் கோடையில் வெடித்து மழையில் உப்புவதால், அந்தப் பிடிப்பை நம்பாமல் இன்னும் ஆழமாகத் தோண்டுவது நல்லது. பைப்பின் அடியில் குறுக்கே இரண்டு ஆங்கிள் துண்டுகளை வெல்டிங் செய்து புதைக்க வேண்டும். இல்லையென்றால் காற்று கம்பத்தைக் கான்கிரீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாகத் திருப்பிவிடும், கோள்கள் ஏன் தப்புகின்றன என்று நாம் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். கொட்டிய மறுநாளே டிஷ்ஷை ஏற்றும் அவசரமும் கூடாது. ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.

தரையில் இடமே இல்லாதவர்களுக்குத்தான் மாடி. இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. நம் மாடிகளில் கண்ணுக்குத் தெரிவது தட்டோடு. அதன் கீழே ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட மூன்று நான்கு அங்குல அடுக்கு. அதற்கும் கீழேதான் கான்கிரீட் தளம். அதன் தடிமன் பெரும்பாலான வீடுகளில் நான்கிலிருந்து ஐந்து அங்குலம். அரை அடி நீள ஆங்கர் போல்ட்டை மேலிருந்து இறக்கினால், அதன் முக்கால் பங்கு தட்டோட்டிலும் ஜல்லியிலுமே நின்றுவிடும். முறுக்கும்போது இறுகுவதுபோலத்தான் இருக்கும். புயலில் அந்த ஜல்லியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். பெயராவிட்டாலும் ஓட்டை வழியே நீர் இறங்கி அடுத்த மழையில் கீழறையின் கூரை ஒழுகும்.

போல்ட் தளம்வரை போனாலும் கணக்கு இடிக்கிறது. ஓரடிச் சதுரத் தகடு, நான்கு போல்ட், 1.2 மீட்டர் கம்பம், ஒரு டன் விசை என்றால் காற்று வரும் பக்கத்து இரண்டு போல்ட்டுகளில் ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கப்படும். நான்கு அங்குலத் தளத்தில் சாதாரண ஆங்கர் அதைத் தாங்காது. துளையே போடாமல் மணல் மூட்டைகளையோ கான்கிரீட் கட்டிகளையோ அடுக்கி நிறுத்தலாமே என்பார்கள். 39 மீட்டர் காற்றுக்கே, இரண்டு மீட்டர் சதுரச் சட்டத்தின்மேல் 700 கிலோ பாரம் வேண்டும். ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்ற சுமைக்குத்தான் தளம் வடிவமைக்கப்படுகிறது. இந்தப் பாரம் அதைத் தாண்டுகிறது. எட்டடிக்கு இது சரிப்படாது.

மாடியில் நம்பத்தக்க இடம் ஒன்றே ஒன்று: தூணின் தலை. பிறகு மேல்தளம் எழுப்பலாம் என்று நம் வீடுகளில் தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டு வைக்கிறார்கள். அந்தக் கம்பிகளின் துருவைச் சுரண்டி, வளையங்கள் கட்டி, இரண்டரை அடி உயரத்துக்குத் தூணைத் தொடர்ந்து, அதன் தலையில் நான்கு தடித்த போல்ட்டுகளைக் கான்கிரீட்டோடு சேர்த்துப் புதைத்தால், டிஷ்ஷின் சுமை நேராக அடித்தளத்துக்குப் போய்விடும். நீட்டிய கம்பியே இல்லாத பழைய வீடுகளில், மூன்று பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் கால் பரப்பி, ஒவ்வொரு காலும் ஒரு உத்திரத்தின்மேல் விழுமாறு இரும்புச் சட்டம் அமைக்கலாம். இதை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் செய்யக் கூடாது. கைப்பிடிச் சுவரில் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது செங்கல் சுவர், பக்கவாட்டு இழுவைக்குக் கட்டப்பட்டதல்ல.

கம்பத்துக்கு வருவோம். கேபிள்காரர்களின் மவுண்ட்டுகள் பெரும்பாலும் மூன்று அங்குல ஜி.ஐ. பைப்பில் உட்காருபவை. நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள மூன்று அங்குலப் பைப் 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு டன்னைத் தாங்க நேர்ந்தால், அதன் அடியில் உண்டாகும் அழுத்தம் இரும்பு வளையத் தொடங்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு அங்குலப் பைப்பும் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆறு அங்குலப் பைப்பில்தான் நிம்மதி. ஆறு அங்குலத்தை அடியில் நிறுத்தி, மவுண்ட் உட்காரும் மேல்முனையில் மட்டும் மூன்று அங்குலத் துண்டைக் குட்டையாகச் சேர்ப்பது ஒரு வழி. கம்பத்தையே குட்டையாக்கி, மவுண்ட்டின் காலருக்குச் சற்றுக் கீழே மூன்று சாய்வுக் கால்கள் கொடுப்பது இன்னொரு வழி. பைப்புக்குள் கான்கிரீட் நிரப்பினால் வலு வந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வது பாதி உண்மை. பைப் நசுங்காது, வளைவைத் தாங்கும் திறன் பெரிதாகக் கூடுவதில்லை.

நம் ஊர் டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பதால் காற்றுக்கு அதன் விளிம்பு மட்டுமே தெரியும், அப்புறம் ஏன் ஒரு டன் கணக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலையான டிஷ்ஷுக்கு அது பெரும் ஆறுதல்தான். ஆனால் மோட்டார் வைத்த டிஷ் நகரும். பாகிஸ்தானின் பாக்சாட் நிற்கும் கிழக்கு 38 டிகிரிக்குப் போனால் உயரம் 39 டிகிரிக்கு இறங்கிவிடும். கிழக்கே 138 வரை துழாவினால் 23 டிகிரி, அப்போது தட்டு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். புயல் வரும்போது முதலில் போவது மின்சாரம். டிஷ் எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அதனால் கம்பத்தை முழுமுகக் காற்றுக்குக் கணக்கிட வேண்டும். டிஷ்ஷை உச்சியில் நிறுத்துவதைக் கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அளவு. ஆறடியிலிருந்து எட்டடிக்குப் போனால் சிக்னல் இரண்டரை டெசிபெல் கூடும். எட்டிலிருந்து பத்துக்கு இரண்டு. பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஒன்றரை. காற்றின் விசையோ முறையே 78, 56, 44 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. பத்தடிக்கு ஒன்றரை டன், பன்னிரண்டடிக்கு இரண்டு டன்னுக்கும் மேல். சிக்னலை மட்டுமல்ல, பார்வையின் கூர்மையையும் பார்க்க வேண்டும். சி-பேண்டில் ஆறடி டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறத்தாழ 3 டிகிரி, எட்டடிக்கு 2.2. இன்டெல்சாட்-17-ம் 20-ம் இரண்டரை டிகிரி இடைவெளியில் நிற்பவை. எட்டடி அவற்றைத் தெளிவாகப் பிரிக்கும், ஆறடியில் ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக்கு எட்டடியே சரியான எல்லை என்பது என் முடிவு. பத்தடி, தரையில் நல்ல குழி போட முடிந்தவர்களுக்கு. பன்னிரண்டடி வீட்டுக்குரியதல்ல.

வலையா, தகடா? வலை எடை குறைவு, தூக்க எளிது, மென்காற்றில் ஆடாது. வலையில் காற்று புகுந்து போய்விடும் என்ற நம்பிக்கையை மட்டும் புயலுக்கு நீட்டக் கூடாது. பாதுகாப்புக்காகக் கணக்கில் அதையும் தகடாகவே கொள்ள வேண்டும். தகட்டுக்கு நம் ஊரில் இன்னொரு தொல்லை இருக்கிறது. 2.4 மீட்டர் அகலமும் 38 சென்டிமீட்டர் குழிவும் உள்ள டிஷ் சென்னையில் உச்சி நோக்கி நிற்கும்போது உச்சியிலிருந்து 15 டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கும். மழைநீர் வழியாமல் தேங்கும்; வடிகால் இல்லையென்றால் 85 லிட்டர் வரை பிடிக்கும். அத்தனை எடை மோட்டாரின் தலையில். துளையை மையத்தில் போட்டுப் பயனில்லை. சாய்வினால் மிகத் தாழ்ந்த புள்ளி மையத்திலிருந்து அரை மீட்டர் தெற்கே நகர்ந்துவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே கூடுகிறது என்று பார்த்து, அங்கே ஆறு மில்லிமீட்டர்த் துளைகள் சிலவற்றைப் போட வேண்டும்.

பழைய டிஷ் வாங்குபவர் பெயிண்ட்டைப் பார்க்க வேண்டாம், வடிவத்தைப் பார்க்கட்டும். கொத்தனார் நூல் இரண்டை விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினால், நடுவில் இரண்டும் மெல்லத் தொட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று அழுத்தினாலோ இடைவெளி விட்டாலோ தட்டு முறுக்கியிருக்கிறது. சி-பேண்டின் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர் என்பதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடு பள்ளத்தை அது பொறுக்கும். கே.யு. பேண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆகாது. குழிவின் ஆழத்தை அளந்தால் குவிய தூரமும் தெரிந்துவிடும்: அகலத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன டிஷ்ஷுக்கு 95 சென்டிமீட்டர் வரும். தட்டு குவிக்கும் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. அந்த இடத்தில் உட்காரவில்லை என்றால் டிஷ்ஷின் அளவைக் கூட்டிப் புண்ணியமில்லை.

மோட்டாரில் இரண்டு வகை. இரண்டடி, மூன்றடித் தட்டுகளுக்கு ரிசீவரின் ஒரே கேபிளில் ஓடும் சிறு மோட்டார்கள் உண்டு. அவை நாலடிக்கு மேல் தாங்க மாட்டா. எட்டடிக்கு 36 வோல்ட்டில் ஓடும் ஆக்சுவேட்டர்தான். ஒரு பைப்புக்குள்ளிருந்து இன்னொரு பைப் திருகாணியால் நீண்டு டிஷ்ஷைத் தள்ளும். ரிசீவருக்கும் அதற்கும் நடுவே ஒரு போசிஷனர் பெட்டி. 66-லிருந்து 105.5 வரை போய்வர டிஷ் 46 டிகிரிதான் சுழல வேண்டும், 18 அங்குல ஆக்சுவேட்டர் அதற்கு எளிதாக எட்டும். கோடிவரை துழாவ விரும்புவோர் 24 அங்குலம் வாங்கலாம்.

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒன்று இங்கே உண்டு. கோள்களின் வரிசையைப் பின்தொடர்ந்து சுழலும் போலார் மவுண்ட்டின் அச்சு, ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வில் நிற்கும். லண்டனில் 51 டிகிரி. டிஷ்ஷின் எடையில் பெரும்பங்கை அச்சின் தாங்கிகள் சுமக்கும். சென்னையில் 13 டிகிரி, அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. டிஷ் கிழக்கிலோ மேற்கிலோ சரிந்தவுடன் அதன் எடை முழுவதும் ஆக்சுவேட்டரின் கையில். அதனால் கையேட்டில் எட்டடிக்குப் போதும் என்று போட்டிருக்கும் மாதிரியைவிட ஒரு படி வலுவானதை நாம் வாங்க வேண்டும். மவுண்ட்டின் சாய்வுத் திருகு 13 டிகிரி வரை இறங்குகிறதா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். அச்சு இவ்வளவு படுக்கும்போது டிஷ்ஷின் பின்சட்டம் கம்பத்தில் இடிக்கும் மவுண்ட்டுகளும் உண்டு. உச்சிக்கு அருகே ஆக்சுவேட்டரில் பாரம் தள்ளுதலிலிருந்து இழுத்தலாக மாறுகிறது; போல்ட் துளைகளில் இருக்கும் ஆட்டம் முழுவதும் அங்கேதான் தெரியும். மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் என்பது ஏறத்தாழ அரை டிகிரி. சி-பேண்ட் அதைச் சமாளிக்கும். எட்டடி டிஷ்ஷில் கே.யு. பேண்ட் பார்வை அகலமே முக்கால் டிகிரிக்குக் கீழே என்பதால், அதற்கு ஆசைப்படுபவர் துளைகளுக்குப் பித்தளைப் புஷ் போட்டே ஆக வேண்டும்.

திசை பார்ப்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. கோள்கள் உச்சியை ஒட்டி இருப்பதால், அச்சு வடக்கு தெற்கிலிருந்து இரண்டு மூன்று டிகிரி விலகியிருந்தாலும் நடுவிலுள்ள ஜிசாட்-30 நன்றாகவே கிடைத்துவிடும். வேலை முடிந்தது என்று கம்பத்தை இறுக்கிவிடுவார்கள். 105.5-க்குப் போனால்தான் பிழை வெளிப்படும். கோடியில் நின்று, விளிம்பைக் கையால் மெல்ல வடக்கேயும் தெற்கேயும் தள்ளிப் பார்க்க வேண்டும். கிழக்குக் கோடியில் வடக்கே தள்ளினால் சிக்னல் ஏறி, மேற்குக் கோடியில் தெற்கே தள்ளினால் ஏறுகிறதென்றால் திசை தப்பு. கம்பத்தில் காலரைத் திருப்ப வேண்டும். இரண்டு கோடியிலும் ஒரே பக்கம் தள்ளினால் ஏறுகிறதென்றால் அச்சின் சாய்வு தப்பு.

மாடிக் கம்பிகளுக்கும் இரும்புப் பைப்புக்கும் நடுவே காந்த ஊசியை நம்ப முடியாது. நண்பகல் நிழல்தான் நம்பகமானது, அதுவும் மார்கழி, தை மாதங்களில். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் சென்னையின் உச்சிக்கே வந்துவிடுவதால் தூக்குக்குண்டின் நூலுக்கு நிழலே விழாது. டிசம்பர் 25-ஐ ஒட்டிய நாட்களில் சென்னையில் 12 மணி 9 நிமிடத்துக்கு விழும் நிழல் சரியாக வடக்கைக் காட்டும். மதுரையில் 12 மணி 18 நிமிடத்துக்கு. டிஷ் நேராக நிற்கிறதா என்பதைச் சூரியனே இன்னொரு முறையும் சொல்லித் தரும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சூரியன் கோள்களின் வரிசைக்குப் பின்னால் வரும்போது சில நிமிடம் படம் அறுந்துபோகும், அப்போது எல்.என்.பி.யின் நிழல் தட்டின் மையத்தில் விழ வேண்டும். அந்த நிமிடங்களில் பளபளப்பான தகடு வெயிலைக் குவித்து எல்.என்.பி.யின் மூடியை உருக்கிவிடக்கூடும், ஆகவே பெயிண்ட் மங்கலாக இருப்பதே நல்லது.

2022-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த தொல்லை 5ஜி. அந்த ஆண்டு ஏலத்தில் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி செல்பேசிகளுக்குப் போனது, நம் எல்.என்.பி. கேட்பது 3.7-லிருந்து 4.2 வரை. பக்கத்துக் கோபுரத்தின் வலுவான அலை பழைய எல்.என்.பி.யைத் திணறடித்துப் படத்தையே அழித்துவிடும். 3.7-க்குக் கீழே வெட்டும் ஃபில்டர் உள்ள எல்.என்.பி.யே வாங்க வேண்டும். தரையில் நிறுத்தியவருக்கு இங்கும் ஒரு லாபம்: சுற்றியுள்ள சுவர்களே கோபுரத்தை மறைத்துவிடும்.

மின்சாரத்தில் உயிர் சம்பந்தப்பட்டது இரண்டு. முதலாவது, தெருவில் போகும் இ.பி. லைன். நம் தெருக்களில் அது முதல் மாடி உயரத்தில், கைப்பிடிச் சுவருக்கு மிக அருகில் ஓடுகிறது. பைப்பைத் தூக்கி நிமிர்த்தும்போது அது கை தவறிச் சரிந்தாலும் லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். கம்பமும் டிஷ்ஷும் சேர்ந்த உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் இல்லாத இடத்தில் வேலையே தொடங்கக் கூடாது. இரண்டாவது, இடி. கம்பத்தைத் தடித்த செம்புப் பட்டையால் எர்த் குழியோடு இணைத்து, அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இடியின்போது இரண்டுக்கும் நடுவே உண்டாகும் மின்னழுத்தம் ரிசீவர் வழியாகப் பாயும். கேபிளின் வெளியுறை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் ஆக வேண்டும். இவ்வளவு செய்தாலும் இடி முழங்கும்போது கேபிளையும் மோட்டார் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி வைப்பதற்கு மாற்று இல்லை.

டிஷ்ஷை ஏற்றும் நாளைக் காற்று முடிவு செய்யட்டும். தென்காசி, கோவைப் பக்கம் ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு. கரையோரத்தில் பகல் கடற்காற்று எழும் முன், காலையிலேயே. துண்டுகளைத் தரையில் கவிழ்த்து வைத்துச் சேர்த்து, எல்லா நட்டையும் அரைகுறையாகப் போட்டபின் ஒன்றுக்கெதிராக ஒன்று இறுக்கினால் தட்டு முறுக்காது. தூக்கும்போது விளிம்பில் ஒரு கயிறு, அதைப் பிடித்தபடி வேறு வேலை எதுவும் பார்க்காத ஒரு ஆள்.

இவ்வளவும் படித்தபின் மோட்டாரே வேண்டுமா என்று தோன்றினால், அதில் தவறில்லை. மூன்று கோள்களே போதும் என்பவருக்கு, மூன்று ஆறடி டிஷ்கள் நிலையாக நிற்பது ஒரு எட்டடி மோட்டாரைவிடத் தொல்லை குறைந்தது. ஒவ்வொன்றின்மீதும் விழும் அதிகபட்சக் காற்று விசை ஏறத்தாழ ஐந்நூற்று அறுபது கிலோதான், பழுதாக நகரும் பாகம் இல்லை, சேனல் மாற்றக் காத்திருக்கவும் வேண்டாம். 66-ஐயும் 68.5-ஐயும் ஒரே எட்டடி நிலையான டிஷ்ஷில் பக்கம் பக்கமாக இரண்டு எல்.என்.பி. வைத்தும் பார்க்கலாம். ஐந்தாறு கோள்களுக்கு மேல் வேண்டும், புதிதாக எது வந்தாலும் தேடிப் பார்க்க வேண்டும் என்பவருக்குத்தான் மோட்டார் ஈடாகும்.

அப்படி வைத்தவருக்குப் புரட்டாசியில் ஒரு நாள் வேலை இருக்கிறது. ஆக்சுவேட்டரின் நீளும் பைப்பைத் துடைத்துக் கிரீஸ் போட்டு, மோட்டார் மூடியின் வடிகால் துளை கீழே பார்த்திருப்பதையும் உள்ளே எறும்பு குடியேறவில்லை என்பதையும் உறுதிசெய்து, இரண்டு கோடியிலும் லிமிட் ஸ்விட்ச் நிறுத்துகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் இருக்கும்போதே டிஷ்ஷை 78-க்கும் 83-க்கும் நடுவே உச்சிக்குக் கொண்டுவந்து, ஆக்சுவேட்டருக்குத் துணையாக ஒரு இரும்புக் கம்பியைப் பின்சட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே போல்ட் போட வேண்டும். கம்பம் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் நீர் தேங்கித் துரு பிடிப்பதே எல்லா ஊரிலும் நடப்பது. அங்கே பெயிண்ட்டைச் சுரண்டிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது கணீரென்ற ஓசை மந்தமாகிவிட்டால், ரெட் ஆக்சைடு அடித்து மூடாமல், அந்தப் பருவத்துக்கு டிஷ்ஷைக் கீழே இறக்கிவிட்டுக் கம்பத்தை மாற்ற வேண்டும்.